வார்னிஷ் பூசிய டிஸ்க் டிரைவ்

கண்ணாடிப் பெட்டிக்குள் அது பளபளவென்று இருந்தது. பார்த்ததும் முதலில் எனக்கு வந்தது கோபமல்ல, குழப்பம். டிஸ்க் டிரைவ் எங்கேயாவது பளபளக்குமா?

இரண்டு செங்கல்லைச் சேர்த்து வைத்த அளவில் ஒரு வெளிறிய பெட்டி அது. முகத்தில் நீளமாக ஒரு வாய், அந்த வாயை மூட ஒரு கொண்டி, ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கு. நான் அதோடு பழகிய காலத்தில் அதன் மேல் தூசியும் என் கைப்பிசுக்கும்தான் இருக்கும். இப்போது அதற்கு வார்னிஷ் அடித்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த தேக்குப் பெட்டிக்கும் மர யாளிக்கும் அடித்த அதே வார்னிஷ். அது வழிந்து டிரைவின் வாய்க்குள் இறங்கி, ஓரத்தில் சொட்டுச் சொட்டாக உறைந்திருந்தது.

கீழே ஒரு அட்டை. "காரைக்குடி வட்டாரத்தில் முதன்முதலில் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்தைக் கொண்டுவந்த சாத்தப்பன் அவர்கள் பயன்படுத்திய கருவி."

அட்டையை இரண்டு தடவை படித்தேன். கணக்கு டீச்சராக முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவள் நான். தப்பான விடையைக்கூட இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் சுழிப்பேன். இரண்டு தடவை படித்தும் அது தப்பாகத்தான் இருந்தது.

சாத்தப்பண்ணன் என் பெரியப்பச்சி மகன். எங்கள் பக்கம் அப்பாவை அப்பச்சி என்போம், அவர் அண்ணனைப் பெரியப்பச்சி. கீழச்சிவல்பட்டியில் நான் பிறந்த வீட்டை வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறார். அன்று அதன் திறப்பு விழா. முகப்பை ஒட்டிய அறையில் இந்தக் காட்சிக்கூடம். அந்த எழுத்தைச் செய்தவள் நான். பட்டுப்புடவையும் சந்தனமுமாக அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "இது நான் செஞ்சது அண்ணே."

"நம்ம வீட்டுக்குள்ள என்ன நீ, நான்? அட்டையில ஒரு பேருதானே போட முடியும்" என்றார்.

"அப்ப என் பேரைப் போடுங்க."

அவர் சிரித்தார். "நீ அப்ப மேட்டித் துணியில பூப்போட்டுக்கிட்டு இருந்தே உமா. போ, பந்தி ஆரம்பிச்சிருச்சு."

போய்ச் சாப்பிட்டேன். கோபத்தோடு சாப்பிட்டால் செரிக்காது என்பார்கள். சாப்பாடு செரித்துவிட்டது, கோபம்தான் செரிக்கவில்லை.

இந்தத் தொடரை வாரம் தவறாமல் படிப்பவர்களுக்கு அண்ணனைத் தெரியும். பத்திரிகை வரும் வியாழக்கிழமை காலையில் எனக்குப் போன் போட்டு, நான் எழுதியதில் என்ன தப்பு என்று சொல்பவர் அவர்தான். கிணற்றடியில் இருந்தது கொய்யா அல்ல மாதுளை என்றார், திருத்திக்கொண்டேன். எங்கள் வீட்டு முதல் காரின் நிறம் பச்சை அல்ல என்றார், அதையும் திருத்திக்கொண்டேன். மாதுளையில் அவ்வளவு கறாராக இருக்கிற மனிதர் இதில் மட்டும் எப்படி இப்படி?

சிங்கப்பூர்ப் பெட்டி

பெரியப்பச்சிக்கு அப்போது சிங்கப்பூரில் உத்தியோகம். ஒரு கோடை விடுமுறையில் வந்தபோது மகனுக்காக ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். இப்போது இருப்பது போலத் திரையெல்லாம் கிடையாது. ஒரு தடித்த கீபோர்டு, அதற்குள்ளேயே கம்ப்யூட்டர். அதை டி.வி.யோடு இணைக்க வேண்டும். செய்ததைச் சேமித்து வைக்கத் தனியாக ஒரு டிஸ்க் டிரைவ். அதற்குள் போடுவது, கறுப்பு உறைக்குள் அப்பளம் போல மெலிதாக இருக்கும் தட்டு.

அண்ணன் பத்து நாள் அதில் ராக்கெட் சுடும் விளையாட்டு விளையாடினார். பிறகு சலித்துப்போய்ச் சென்னைக்குக் காலேஜ் படிக்கப் போய்விட்டார். பெட்டி வீட்டிலேயே கிடந்தது. நான் பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தேன். மத்தியானம் டி.வி.யில் எதுவும் வராது. ஆகவே மத்தியானம் முழுக்க டி.வி. எனக்குத்தான்.

அதோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். திரையில் தெரியும் ஒவ்வொரு எழுத்தும் எட்டுக்கு எட்டுக் கட்டம், எந்தக் கட்டம் எரிய வேண்டும் என்று நாமே சொல்லலாம் என்று ஒரு பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். மேட்டித் துணியில் நூலை எண்ணிக் குறுக்குத் தையல் போட்ட எந்தப் பெண்ணுக்கும் இது புரியும். நீங்கள் சொன்ன அந்தப் பூதான் அண்ணே இது.

கிராஃப் நோட்டில் அகரத்திலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு கட்ட வரிசைக்கும் ஒரு எண் போட்டுக் கூட்ட வேண்டும். டகரமும் பகரமும் சொன்னபடி கேட்டன. ணகரம் எட்டுக் கட்டத்துக்குள் அடங்கவே இல்லை, இரண்டு எழுத்து இடத்தை அதற்கே கொடுத்தேன். ழகரத்தின் வாலுக்கு மூன்று நாள் ஆனது. அரைவாசியில் கரண்டு போனால் அவ்வளவும் போய்விடும். ஆகவே நான் திரையில் எழுதிய முதல் தமிழ் வாக்கியம், "கரண்டு போகக் கூடாது."

ஆத்தா வந்து பார்த்துவிட்டு, டி.வி.க்காரன் எப்போது தமிழில் போட ஆரம்பித்தான் என்று கேட்டார்கள். தீபாவளிக்கு வந்த அண்ணனும் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். கூட்டாளிகளைக் கூட்டிவந்து காட்டினார். நான் காபி போட்டுக் கொடுத்தேன்.

கம்ப்யூட்டர் படிக்க ஆசைப்பட்டேன். அதற்கு ஊரை விட்டுப் போக வேண்டும், பெண்பிள்ளையை அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். உள்ளூரிலேயே கணக்குப் படித்தேன். கல்யாணமானது. அந்த எழுத்து இருந்த தட்டை மட்டும் தையல் பெட்டிக்குள் மேட்டித் துணிகளுக்கு நடுவே வைத்து, என் சாமான்களோடு கொண்டுவந்துவிட்டேன். கிராஃப் நோட்டு, கல்யாணத்துக்கு வீட்டை வெள்ளையடித்தபோது பழைய பேப்பர்காரனோடு போய்விட்டது.

அதாவது, அந்த எழுத்தை நான் செய்தேன் என்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான் மிச்சம். அது தையல் பெட்டிக்குள் இருந்தது. அதைப் படிக்கக்கூடிய டிரைவுக்கு அண்ணன் வார்னிஷ் ஊற்றிவிட்டார்.

அண்டா ஒருவருக்கு, மூடி ஒருவருக்கு

எங்கள் ஊர்ப்பக்க வீடுகளில் பாகம் பிரிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். யாருக்கும் குறை இருக்கக் கூடாது என்று பிரிப்பார்கள். அண்டா ஒரு பங்காளிக்கு, அதன் மூடி இன்னொரு பங்காளிக்கு. இரண்டும் இரண்டு அறையில், இரண்டு பூட்டுக்குள் கிடக்கும். இரண்டு பேருக்கும் அது உதவாது, ஆனால் பாகம் சரியாக இருக்கும்.

கம்ப்யூட்டருக்கும் அதுதான் நடந்தது. டிரைவ் பெரியப்பச்சி அறைக்குப் போனது. கீபோர்டுக் கம்ப்யூட்டர் எங்கள் அப்பச்சி அறையில் கிடந்தது. விழாவுக்கு மறுநாளே சாவியோடு போய் எங்கள் அறையைத் திறந்து, பழைய மெத்தைக்கு அடியிலிருந்து அதை எடுத்துவந்தேன்.

என் மகன், தட்டைப் பெங்களூருக்கு அனுப்பினால் யாரிடமாவது கொடுத்துப் படிக்கலாம் என்றான். அந்தத் தட்டை நான் யார் கையிலும் கொடுப்பதாக இல்லை. டிரைவை அந்த வீட்டில் விட்டு வந்ததற்கே இந்தக் கதி.

தராசுக்காரர்

பாண்டி நேமத்தான்பட்டிக்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும். கொஞ்சம் நிலமும் இருக்கிறது. காரைக்குடியில் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எலெக்ட்ரானிக் தராசு பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். எங்கள் தெரு மளிகைக் கடைத் தராசுக்கு அவர்தான் வைத்தியர்.

அவரிடம் போனதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய தராசுகள் இன்றைக்கும் எடையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது, அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிய அதே முறையில்தான். பேச ஒரு கம்பி, கேட்க ஒரு கம்பி, பொதுவுக்கு ஒரு கம்பி. அது தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் இப்போது தராசுக்காரர்கள் மட்டும்தான்.

நடந்ததைச் சொன்னேன். அவர் டிரைவின் வாய்க்குள் வார்னிஷ் போனதைக் கேட்டு முகத்தைச் சுளித்தார். "அது செத்துருச்சு ஆச்சி. வேற வழிதான் பாக்கணும்" என்றார்.

அந்த வேறு வழி அவருடைய மச்சானிடம் இருந்தது. திருப்பத்தூரில் மூடிக்கிடந்த அவரது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில், இன்னொரு கம்பெனி செய்த அதே காலத்துக் கம்ப்யூட்டர் ஒன்று. அதற்கு உடம்போடு சேர்ந்த டிரைவ் உண்டு, அது வேலையும் செய்தது. என் தட்டை அந்த டிரைவால் படிக்க முடியும். ஆனால் அதில் இருப்பது என் கம்ப்யூட்டருக்கு மட்டுமே புரிகிற புரோகிராம். சரி, அப்படியானால் அந்தக் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டராக இருக்க வேண்டாம், என் கம்ப்யூட்டருக்கு டிரைவாக இருக்கட்டும் என்றார் பாண்டி. இரண்டையும் கம்பியால் இணைப்போம். இது "தட்டிலிருந்து கொடு" என்று கேட்கும். அது தன்னை டிரைவ் என்று சொல்லிக்கொண்டு, படித்துக் கொடுக்கும்.

ஒரு கம்ப்யூட்டர் தன் வேலையை விட்டுவிட்டு இன்னொன்றுக்குத் துணையாக வருகிறது, கூலி கேட்காமல், பெயர் கேட்காமல். எனக்கு அதன் மேல் உடனே ஒரு பிரியம் வந்துவிட்டது.

இலை போட்ட பிறகு அப்பளம் பொரிப்பதா?

என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு கம்ப்யூட்டர்களும் எதிரெதிராக உட்கார்ந்தன. நடுவில் பாண்டி பற்றவைத்த மூன்று கம்பி. இரண்டு பக்கமும் மின்சார அளவு வேறு என்பதால் நடுவே தராசிலிருந்து எடுத்த ஒரு சின்ன சிப். பழைய கம்ப்யூட்டர் பைத்தியங்கள் இணையத்தில் எழுதி வைத்திருந்த குறிப்புகளைப் பாண்டி அச்செடுத்து வந்தார். அதை வைத்து, டிரைவாக நடிக்க வேண்டிய கம்ப்யூட்டருக்கான புரோகிராமை நான் அடித்தேன். முதல் நாள் விரல் தடுமாறியது. இரண்டாம் நாள் விரல்களுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. எனக்குப் பதினேழு வயதில் தெரிந்தது இப்போதும் தெரிகிறது என்பதில் சந்தோஷம் வரவில்லை. இத்தனை வருடம் இதை எங்கே போட்டு வைத்திருந்தேன் என்று ஆத்திரம்தான் வந்தது.

என் தட்டை உடனே போடப் பாண்டி விடவில்லை. "பழைய தட்டு. உள்ள பூசினது உரிஞ்சிருச்சுன்னா அம்புட்டுத்தான் ஆச்சி. மொதல்ல வேற தட்டுல பாத்துருவோம்" என்றார்.

வேறு தட்டில் பார்த்தோம். வரவில்லை. என் கம்ப்யூட்டர் கேட்கும், அது தட்டைச் சுழற்றும், படிக்கும். கொடுப்பதற்குள் என் கம்ப்யூட்டருக்குப் பொறுமை போய், டிரைவே இல்லை என்று திரையில் எழுதிவிடும். நான்கு நாள் இதே கதை. பாண்டி கம்பியை மாற்றினார், சிப்பை மாற்றினார். ஐந்தாம் நாள் இது கம்பியின் கோளாறு அல்ல என்று எனக்குப் புரிந்தது. ஆள் இலையில் உட்கார்ந்த பிறகு அடுப்புப் பற்றவைத்து அப்பளம் பொரித்தால் எப்படி? கேட்பதற்கு முன்பே பொரித்து வைத்திருக்க வேண்டும்.

புரோகிராமை மாற்றினேன். ஒரு துண்டு கேட்டால், அந்தத் துண்டு இருக்கும் வட்டம் முழுவதையும் படித்து நினைவில் வைத்துக்கொள்ளும்படி செய்தேன். புது வட்டம் வரும்போது மட்டும் தாமதமாகும். என் கம்ப்யூட்டர் ஒருமுறை முறைத்துவிட்டு மறுபடி கேட்கும், அதற்குள் எல்லாம் தயாராக இருக்கும்.

சோதனைத் தட்டு வந்துவிட்டது. பாண்டி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். அன்று சாயந்தரம் பிள்ளையார்பட்டி வரைக்கும் பைக்கில் போய் ஒரு சிதறுகாய் போட்டுவிட்டு வந்தார். அவர் சொல்லவில்லை, மறுநாள் அவர் மனைவி சொல்லித் தெரிந்தது.

முதல் வரி

காலை பத்து மணி இருக்கும். தையல் பெட்டியிலிருந்து தட்டை எடுத்தேன். அதில் பழைய துணி வாசம் அடித்தது. கொண்டியைப் பாண்டிதான் மூடினார்.

எதிரில் இருந்த கம்ப்யூட்டரின் சிவப்பு விளக்கு எரிந்தது. கட், கட், கட் என்று தட்டின் மேல் அதன் தலை நகரும் சத்தம். நடுவில் ஒருமுறை நின்றது. மறுபடி நகர்ந்தது.

திரை முழுக்க என் எழுத்து வந்தது. நான் செய்த ணகரம், இரண்டு இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ழகரத்தின் வால் கொஞ்சம் கோணல்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. மேலே பெரிதாக ஒரு தலைப்பு இருந்தது. அதைக் கண்ணீரைத் துடைத்த பிறகுதான் படித்தேன்.

"சாத்தப்பன் எழுத்து."

புரோகிராமின் வரிகளை வரவழைத்துப் பார்த்தேன். பத்தாம் வரியிலும் அதுவேதான். சாத்தப்பன், கீழச்சிவல்பட்டி. யாரும் வந்து அடித்துவிட்டுப் போகவில்லை. நான் அடித்தது. எப்போது என்றுகூட ஞாபகம் வந்துவிட்டது, அண்ணன் தீபாவளிக்கு வருவதற்கு முந்தின நாள்.

எங்கள் வீடுகளில் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டுவார்கள். சின்ன உளியை வைத்துப் புள்ளி புள்ளியாக. யார் வாங்கினாரோ அவர் பெயர்தான் வெட்டுவார்கள். அதில் ஐம்பது வருடம் ஆக்கிப் போட்டவள் பெயரை யாரும் வெட்டியதில்லை. வெட்ட வேண்டும் என்று யாருக்கும், அந்த ஆக்கிப் போட்டவளுக்குமே, தோன்றியதில்லை. கம்ப்யூட்டர் பெரியப்பச்சி மகனுக்காக வாங்கியது. ஆகவே அதில் செய்ததில் நான் அவர் பெயரை வெட்டினேன். என்னை யாரும் வெட்டச் சொல்லவில்லை. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பறித்துக்கொண்டவர் மேல் கோபப்படலாம். நானே தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, நாற்பது வருடம் கழித்து யார் மேல் கோபப்படுவது?

பாண்டி திரையையும் என்னையும் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இதை மாத்திப்புடலாம் ஆச்சி. ரெண்டு நிமிசம். யாருக்குத் தெரியப் போகுது?"

யாருக்கும் தெரியாது. உண்மைதான். பத்தாம் வரியை அழித்து என் பெயரைப் போட்டுக்கொண்டு போனால், அண்ணன் வாயடைத்துப் போவார். ஐந்து நிமிடம் யோசித்தேன் என்பதை ஒளிக்கவில்லை. ஆனால் இருக்கிற ஒரே சாட்சியைப் பொய்ச்சாட்சி ஆக்கிவிட்டு நான் எதை நிரூபிப்பது?

பெயருக்குக் கீழே பெயர்

கை மாறிய பழைய பாத்திரங்களைக் கவனித்திருக்கிறீர்களா? முதல் பெயரை யாரும் தேய்த்து அழிப்பதில்லை. அதற்குக் கீழே அடுத்த பெயரை வெட்டுவார்கள். என்னிடம் உள்ள ஒரு தூக்குச்சட்டியில் மூன்று பெயர் இருக்கிறது.

அந்தக் காலத்துப் புரோகிராமில் வரிகளுக்குப் பத்து, இருபது என்று இடைவெளி விட்டுத்தான் எண் போடுவோம். பின்னால் ஏதாவது ஞாபகம் வந்தால் நடுவில் சேர்க்க இடம் வேண்டும். பத்துக்கும் இருபதுக்கும் நடுவே, என் முழுப்பெயரில், பதினைந்தாம் வரி சேர்த்தேன். "செய்தது உமையாள்."

அதைத் தட்டில் எழுத வேண்டுமே. நடிக்கிற டிரைவுக்கு அதுவரை படித்துக் கொடுக்கத்தான் சொல்லித் தந்திருந்தோம், வாங்கி எழுதச் சொல்லித் தரவில்லை. அதற்கு இன்னும் ஒன்றரை நாள் வேலை ஆனது. முடித்த பிறகும் எழுத மறுத்தது. தட்டின் ஓரத்தில், யாரும் தெரியாமல் அழித்துவிடக் கூடாது என்று பதினேழு வயதில் நான் ஒட்டிய சின்ன ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. நகத்தால் கிளறி எடுத்தேன். சேவ் கொடுத்தேன். கட், கட் என்று பெயரை வெட்டுகிற சத்தத்திலேயே எழுதி முடித்தது.

மறுபடியும் அந்தக் கண்ணாடிப் பெட்டி

ஞாயிற்றுக்கிழமை பாண்டியின் தராசு வண்டியில் இரண்டு கம்ப்யூட்டரையும் ஒரு டி.வி.யையும் ஏற்றிக்கொண்டு கீழச்சிவல்பட்டிக்குப் போனோம். விடுதியில் விருந்தாளிகள் பத்துப் பேர் இருந்தார்கள். அண்ணன் அவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் மேஜை போட்டு, கம்பியை மாட்டி, திரையை எல்லாரும் பார்க்கும்படி வைத்தோம். என்ன உமா இது என்று கேட்டார் அண்ணன். பாருங்க அண்ணே என்று மட்டும் சொன்னேன்.

எழுத்து வந்தது. விருந்தாளிகள் கை தட்டினார்கள். பெரிதாக "சாத்தப்பன் எழுத்து", அதற்குக் கீழே அதே அளவில் "செய்தது உமையாள்." அண்ணன் படித்தார். மேல் வரி எப்படி வந்தது என்பதையும், கீழ் வரியைப் போன வாரம்தான் சேர்த்தேன் என்பதையும் ஒளிக்காமல் அவரிடம் சொன்னேன். அவர் விருந்தாளிகள் பக்கம் திரும்பினார்.

"எங்க தங்கச்சிதான். எனக்கு டைப் அடிச்சுக் குடுத்துச்சு" என்றார்.

பாண்டி குனிந்து கம்பியைச் சுற்ற ஆரம்பித்தார். "வாங்க ஆச்சி, போவோம். நீங்க ஏன் இங்குட்டு நிக்கிறீக" என்றார். நான் நின்றேன். ழகரத்தின் வால் எத்தனை கட்டம் என்று அண்ணனை எல்லார் முன்னாலும் கேட்டேன். அவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தேன். அட்டையை மாற்றியிருக்கிறார். மேலே பழையபடி அவர் பெயர். அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது. "உதவி: உமையாள்."

உதவி. டிரைவாக நடித்த அந்தக் கம்ப்யூட்டர் செய்தது உதவி. பாண்டி செய்தது உதவி. நான் செய்தது உதவி அல்ல.

இந்தப் பத்திரிகை வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் கீழச்சிவல்பட்டிக்குப் போய்விடும். அண்ணன் அதைக் காபியோடு படிப்பார். நான் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அண்ணே, இதில் என் தப்பை நானே எழுதிவிட்டேன். மிச்சத்தில் எது தப்பு, சொல்லுங்கள்.